வெட்டுப் போக மீதி: சித்திரக்கதைத் தற்செயல்களை நிறுத்துப் பார்க்கும் முறை பற்றி

நாயகன் பாதாளத்தில் விழும் வாரமும், விழுந்த இடத்தில் யாரோ வைக்கோல் போர் போட்டு வைத்திருக்கும் மறுவாரமும் சித்திரக்கதை உலகில் ஏராளம். அந்த வைக்கோல் போரை நம்பலாமா, கூடாதா என்ற சண்டைகள் அதைவிட ஏராளம். ஆனாலும் இன்றுவரை நம்பகத்துக்கென்று ஓர் அளவுகோல் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கக் கருவி உண்டு, காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு, தங்கத்துக்கு உரைகல் உண்டு. “இது கொஞ்சம் ஓவர்” என்ற தீர்ப்புக்கு மட்டும் தீர்ப்புச் சொல்பவரின் அன்றைய மனநிலைதான் சாட்சி. ஒரே தற்செயலை ஞாயிற்றுக்கிழமை ரசித்தவர் திங்கட்கிழமை திட்டுகிறார். அறிவுத்துறை ஒன்றுக்கு இது அழகல்ல. இந்தக் குறையைத் தீர்க்கப் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஹட்டனையும் நுவரெலியாவையும் சுற்றியுள்ள மலைகளில் அது நூறாண்டுக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொழுந்து நிறுக்கும் தராசைத்தான் சொல்கிறேன்.

அதன் இயக்கத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாளில் இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படும். பறித்தவள் மலையிலிருந்து சுமந்து வந்தது ஒரு நிறை, பதிவேடான செக்ரோலில் ஏறுவது இன்னொரு நிறை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதன் பெயர் வெட்டு. சாக்கின் பாரத்துக்குக் கொஞ்சம் வெட்டு, மழை ஈரத்துக்குக் கொஞ்சம், முற்றல் இலை கலந்திருக்கிறது என்று கொஞ்சம். வெட்டுப் போக மீதிதான் அன்றைய கணக்கு. மீதி தோட்டத்தில் வைத்த அளவை எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், எட்டாவிட்டால் அரைப் பேர். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், பல இடங்களில் 18 கிலோவைச் சுற்றி நிற்கும். இதில் ஆய்வாளன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள், ஒருத்தி இவ்வளவு பறித்திருக்க முடியுமா என்று வாதாடுவதில்லை. எவ்வளவு வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள், யார் கூடையில் வெட்டினார்கள் என்பவைதான் அங்கே எழும் கேள்விகள். சித்திரக்கதையின் தற்செயலையும் இதே மூன்று கேள்விகளால் நிறுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கதாசிரியர் நாயகனுக்குக் கொடுக்கும் வசதி நடக்கக்கூடியதா என்பது இரண்டாம்பட்சம். அதற்கு வெட்டு விழுந்ததா என்பதே முதல் விசாரணை.

முதற்சான்று இரும்புக்கை மாயாவி. 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தவர் இவர். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1962ல், ‘வேலியண்ட்’ என்ற பிரித்தானிய வார இதழில் பிறந்துவிட்டார். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளர் ஒருவர்மேல் விபத்தொன்றில் மின்சாரம் பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக்கை மட்டும் மறையவில்லை. அதன்பின் மறைய வேண்டும் என்றால் மின்சாரத்தில் கை வைத்தால் போதும். மனிதன் மின்சாரத்தால் மறைவான் என்பதை எந்த இயற்பியல் ஆசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார். மின்சாரத்தை முதலில் வாங்கிக்கொண்ட உறுப்பு மறையாமல், அதனோடு தொடர்பே இல்லாத காற்சட்டை மறைகிறது என்பது அதைவிட மோசம். இருந்தும் இரண்டு தலைமுறைத் தமிழ் வாசகர்கள் இதை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் அந்தரத்தில் மிதக்கும் கை. நாயகனுக்குக் கிடைத்த வசதி முழு மறைவு, அதில் விழுந்த வெட்டு ஒரு கை. எதிரிக்கு அந்தக் கை தெரியும், துப்பாக்கிக்கு இலக்காகும், கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும். படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்த ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டு வாசகனின் கண்முன்னே பிடிக்கப்படுகிறது. கையும் சேர்ந்து மறைந்திருந்தால் அறிவியல்படி கதை சற்றுச் செம்மையாகி இருக்கும், நம்ப ஆளிருந்திருக்காது.

இதே மாயாவியிடம் வெட்டு விழாத ஒரு வசதியும் உண்டு, அது மின்செருகி. ஆபத்து வரும் இடமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பியோ, விளக்குத் தாங்கியோ, மின்பெட்டியோ இருக்கிறது. லண்டன் வாசகனுக்கு இது உறுத்தாது, அவன் வீட்டுச் சுவரெல்லாம் அதுதான். 1972ல் மலையகத்து லயங்களில் பெரும்பாலானவை குப்பி விளக்கில் இருந்தன. மின்சாரம் இருந்த இடங்கள் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரும் துரையின் பங்களாவும். ஆகவே லயத்துக் காம்பராவில் மாட்டிக்கொண்ட மாயாவி மறைய வேண்டுமானால் முதலில் ஸ்டோருக்கு இறங்கிப்போக வேண்டும், வாசலில் காவற்காரனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதற்குள் எதிரிகள் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இடத்துக்கு இடம் வசதியின் நிறை மாறுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனை கிடைக்காது. ஆனால் பரிசோதனையின் முடிவு எதிர்பார்த்தபடி இல்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த வாசகன்தான் மின்செருகியை அதிகம் சந்தேகித்திருக்க வேண்டும். அவனோ அதைச் சீமையின் இயல்பு என்று எடுத்துக்கொண்டான். தெரியாத ஊரில் எல்லாமே வசதியாகத்தான் இருக்கும் என்பது தோட்டத்திலிருந்து பார்ப்பவர்களின் பொதுவான அபிப்பிராயம்.

ஒரு தெளிவு இங்கே தேவை. நிறை குறைவதெல்லாம் வெட்டு ஆகாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தினால் ஒரு கிலோ தேயிலை வருகிறது. மிச்ச மூன்றரைக் கிலோவை யாரும் திருடவில்லை, அது தண்ணீர். சித்திரக்கதையிலும் இப்படி ஒரு வாட்டுதல் உண்டு. ஒரு கட்டத்தில் நாயகன் துறைமுகத்தில் நிற்கிறான், அடுத்த கட்டத்தில் பாலைவனத்தில் நிற்கிறான். பயணச்சீட்டு எங்கே வாங்கினான், கடவுச்சீட்டு இருந்ததா, வாந்தி எடுத்தானா என்று கேட்பவர் ஸ்டோருக்குள் போய்த் தண்ணீரைத் தேடுகிறவர். ஸ்கொட் மக்கிளவுட் 1993ல் சித்திரக்கதையைப் பற்றிச் சித்திரக்கதையாகவே எழுதிய நூலில், இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியைத்தான் இக்கலையின் உயிர்நிலையாக வைத்தார். அங்கே நடப்பதை வாசகனே நடத்திக்கொள்கிறான். ஆகவே கட்டங்களுக்கு நடுவில் காணாமற்போவதைக் கதையின் ஓட்டை என்று எழுதி அனுப்பும் வாசகர் கடிதங்களை இந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. முகமூடி வீரர் மாயாவியின் காடு இதற்கு விதிவிலக்கு. லீ ஃபாக் 1936ல் அந்தக் கதையைத் தொடங்கியபோது அது ஆசியப் பக்கம் இருந்தது, பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. ஒரு நாடே கடவுச்சீட்டு இல்லாமல் கண்டம் மாறியது என்றால் அதை வாட்டுதல் என்று சொல்லித் தப்ப முடியாது. அவருடைய சாகாவரத்துக்கு மட்டும் முழுப் பேர் போடலாம். நானூறு ஆண்டு சாகாத நடமாடும் ஆவி என்று காடே நம்புகிறது, உண்மையில் அது தந்தைக்குப் பின் மகனாக இருபத்தொரு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் செத்திருக்கிறார். குகைக்குள் வரிசையாக இருக்கும் கல்லறைகள்தான் அங்கே பிடிக்கப்பட்ட வெட்டு.

தொடர்கதையின் தற்செயலை மலையகத்தார் முத்து காமிக்ஸ் பார்த்துத்தான் எடைபோடக் கற்றார்கள் என்று நினைப்பது வரலாற்றுப் பிழை. காமன் கூத்து அதற்கு வெகுகாலம் முந்தியது. மாசியில் பிறை பார்த்துத் தொடங்கும் இக்கூத்து பல நாட்கள் நீளும் தொடர். வேலை முடிந்து வந்தவர்கள் இரவில் கூடிப் பார்ப்பார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம், சிவனின் தவத்தைக் கலைக்கும் ஆணை, போகாதே என்ற ரதியின் தடை, அம்பு, நெற்றிக்கண், சாம்பல். முடிவில் மன்மதன் உயிர்த்தெழுகிறான். செத்த நாயகன் எழுந்து வருவதுதான் சித்திரக்கதை வரலாற்றிலேயே அதிகம் திட்டு வாங்கிய உத்தி. ஆனால் தப்படித்துக்கொண்டு விடியும்வரை நின்ற கூட்டம் அதை ஒருநாளும் ஏமாற்று என்று சொன்னதில்லை. அங்கே விழும் வெட்டைப் பாருங்கள்: எழுந்தவனுக்கு உடல் இல்லை, அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். சிவன் வரம் கொடுக்கும்போதே தராசில் கையை வைத்துவிட்டார். அதுவும் போதாதென்று, ஒப்பாரிக்கு என்று ஒரு நீண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரதி அழுது முடிக்கும்வரை யாரும் அவனை எழுப்புவதில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1992ல் சூப்பர்மேனைக் கொன்று அடுத்த ஆண்டே எழுப்பியபோது வாசகர் பலர் முகம் சுளித்தார்கள், எழுந்தவர் கிட்டத்தட்ட முழு உடம்போடு வந்துவிட்டார். தமிழ்நாட்டில் காமண்டி விழாவின் லாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரவெல்லாம் வாதாடுவார்கள். ரசிகர்கள் கதையின் நம்பகம் பற்றிச் சண்டை போடுவது புதுக்காலத்து நோய் என்பவர்கள் இதை ஒருமுறை கேட்டுவிட்டு வரலாம்.

வெட்டு விழுந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. யார் கூடையில் விழுந்தது என்பதில்தான் இந்தக் கோட்பாடு கனக்கிறது. டின்டினின் சூரியக் கைதிகள் கதையை எடுப்போம். 1946ல் பெல்ஜியத்தில் தொடராக வரத் தொடங்கியது. இன்காக்கள் டின்டினையும் நண்பர்களையும் தீயிலிட்டுக் கொல்லத் தீர்மானிக்கிறார்கள், நாளையும் நேரத்தையும் அவனே தேர்ந்துகொள்ளலாம் என்று சலுகையும் தருகிறார்கள். கையில் அகப்பட்ட ஒரு பத்திரிகைத் துண்டிலிருந்து சூரியக் கிரகணம் வரப்போவதை அவன் அறிகிறான், அந்த நேரத்தையே கேட்கிறான், சூரியனுக்குக் கட்டளையிடுவதுபோல் நடிக்கிறான், தப்பிவிடுகிறான். இதில் பத்திரிகைத் துண்டைப் பரிகசிக்கும் விமர்சகர்கள் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்ததில்லை என்று தெரிகிறது. வடை சுற்றித் தரும் தாளில் போன மாதத்துச் செய்தியைப் படித்துக்கொண்டே தின்பவர்களுக்கு, அந்தக் கதை முழுவதிலும் ஐயமின்றி நம்பக்கூடிய ஒரே பொருள் அந்தத் துண்டுதான். கிரகணத்தைக் காட்டி மிரட்டுவதும் நடந்த கதையே. கொலம்பஸ் 1504ல் யமேக்காவில் சந்திரக் கிரகணத்தை வைத்து அதே வித்தையைக் காட்டி உணவு வாங்கினார். ஆக இரண்டு தற்செயல்களும் நடக்கக்கூடியவை. எனினும் கதை இடிக்கிறது. சூரியனையே தெய்வமாக வைத்து, அதன் போக்கைக் கணித்துத் திருவிழா எடுத்த மக்களுக்குக் கிரகணம் என்றால் என்னவென்று தெரியாது என்று டின்டினைப் படைத்த ஹெர்ஜே வைக்க வேண்டியிருந்தது. நாயகனுக்குக் கிடைத்த வசதிக்கான வெட்டு இன்காக்களின் கூடையில் விழுந்தது. பறித்தவர்கள் அவர்கள், பேர் இன்னொருவனுக்கு. நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவர்களுக்கு இது உடனே புரியும். டின்டினுக்கு அரைப் பேர்.

கதைக்குள் இருப்பவர்கள் கூடையில் வெட்டுவது ஒருவகை மோசம் என்றால், வாசகன் கூடையிலேயே வெட்டுவது அதைவிடக் கீழ்த்தரம். தொடர்கதை வாசகனும் ஒரு கூடை சுமக்கிறான். போன வாரம் நாயகனைக் கட்டிப்போட்டு, வெடிகுண்டின் திரியைப் பற்றவைத்து, ‘தொடரும்’ என்று போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பயத்தை அவன் ஏழு நாள் முதுகில் சுமந்து திரிந்திருக்கிறான். பெரட்டுக்குப் போனாலும், கவ்வாத்து மலைக்குப் போனாலும் அது கூடவே போயிருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுபோய்த் தராசில் வைத்தால், திரி நனைந்திருந்தது என்கிறார்கள். ஈரம்! தோட்டத்துத் தராசுக்கும் கதாசிரியர் தராசுக்கும் ஒரே சாக்கு. ‘எல்லாம் கனவு’ என்று முடிப்பது இன்னும் துணிச்சலானது. அங்கே கூடையையே கவிழ்த்துக் கொட்டிவிட்டு வெறுங்கூடையை நிறுக்கிறார்கள். வாசகன் சுமந்த நிறை முழுதாக ஏற வேண்டும், வெட்டு நாயகன் பக்கம் விழ வேண்டும். திரி நனைந்திருக்கட்டும், ஆனால் நாயகனைக் காப்பாற்ற அதை நனைத்தவருக்கு என்ன ஆனது என்று கதை சொல்லியாக வேண்டும். இரும்புக்கை மாயாவியின் கதைகள் ஓரிரு பக்கமாக வாராவாரம் வந்தவை. சிவகாசியில் அவற்றைக் கோத்துப் புத்தகமாக்கியபோது இரண்டு பக்கத்துக்கு ஒரு சாவு, இரண்டு பக்கத்துக்கு ஒரு மீட்சி என்று ஆயிற்று. ஒரே இரவில் முழுவதையும் படித்தவனுக்கு எதுவும் ஓவராகத் தெரியாததற்குக் காரணம் அவனுடைய அப்பாவித்தனம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அவன் கூடை சுமந்தது ஏழு நாளில்லை, தாள் திருப்பும் நேரம் மட்டும். வெட்டுவதற்கு அதில் அதிகம் இல்லை.

இனி மறுப்புகள். அரிஸ்டாட்டில் பக்கத்தார், நடக்கவே முடியாததாக இருந்தாலும் இயல்பாகத் தோன்றுவது கவிதைக்கு உகந்தது, நடக்கக்கூடியதாக இருந்தாலும் நம்பமுடியாதது ஆகாது என்று அவர் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டாரே, இங்கே புதிதாக என்ன இருக்கிறது என்பார்கள். இயல்பாகத் தோன்றுவது என்றார், எதனால் அப்படித் தோன்றுகிறது என்று அவர் நிறுத்துக் காட்டவில்லை. கயிற்றில் கட்டி இறக்கிய தெய்வங்களைக் கிரேக்க நாடகத்தில் அவர் கண்டித்தார், அந்தத் தெய்வங்கள் இறங்கியதில் குற்றமில்லை, சும்மா இறங்கியதுதான் குற்றம் என்பது நம் திருத்தம். தொல்காப்பியர் வழிவந்தோர் நாடக வழக்கு வேறு, உலகியல் வழக்கு வேறு என்பார்கள். அது சரியே. நாடக வழக்கிலும் பிரிவுக்குப் பின்தான் கூடல் இனிக்கிறது, அதுவும் வெட்டுத்தான். சிறுவர்கள் படிக்கும் கதைக்கு இவ்வளவு விசாரணையா என்பார் சிலர். மைதானத்தில் பம்பரம் விடும் எந்தச் சிறுவனிடமாவது ஒரு புள்ளியைக் குறைத்து எழுதிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நான்காவது மறுப்புக்கு மட்டும் பதில் சொல்ல நேரமெடுக்கும். வாழ்க்கையே நம்பமுடியாத தற்செயல்களால் ஆனது, சித்திரக்கதையிடம் மட்டும் ஏன் இந்தக் கறார் என்பது அந்த மறுப்பு. மலையகத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்பவர்களுக்குச் சான்றுகள் கைவசம் நிறையவே இருக்கும். 1948ல் ஒரு சட்டம் வந்தது, தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவரில்லை என்று ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் வந்தவர்கள் 975,000 பேர். 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இரண்டு நாடுகள் கையெழுத்திட்ட பத்திரம் ‘தொடரும்’ என்று முடிந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது. அடுத்த அத்தியாயம் பத்தாண்டு கழித்து, 1974ல் வந்தது, ஆளுக்கு 75,000. இதை எந்தச் சித்திரக்கதைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார். நம்பமுடியாதது நடந்த சம்பவம் அல்ல, எண்கள். உயிருள்ள மனிதர்களை ஒருவர் ஒருவராக எண்ணினால் கடைசி மூன்று இலக்கமும் இப்படிப் பூச்சியமாக வந்து நிற்காது. மேசையில் இருந்தபடி எழுதும் கதாசிரியர்தான் இப்படிச் சமமாகப் பிரிப்பார். வாழ்க்கை நடந்துவிட்டால் அதற்கு நம்பகம் தேவையில்லை, அது யாரிடமும் பேர் கேட்பதில்லை. கதை கேட்கிறது. வெட்டு எல்லாம் வாசகன் கூடையிலும் மலையில் நின்றவர் கூடையிலும் விழுந்த கதையை, ‘ஆனால் இது உண்மை’ என்ற ஒரே தகுதியில் யாரும் நல்ல கதை என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

இதுவரை பார்த்தது அன்றைக்கன்றே பிடிக்கும் வெட்டு. தொடர்கதையில் பல வசதிகளுக்கு உடனே வெட்ட முடியாது, கடனாக எழுதி வைக்கத்தான் வேண்டும். இதற்கும் தோட்டத்தில் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஒன்று தீபாவளி முற்பணம். பண்டிகைக்கு முன் மொத்தமாகக் கிடைக்கும், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழியும், அடுத்த தீபாவளிக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஒழுங்கான தொடர்கதாசிரியர் இப்படித்தான் நடந்துகொள்வார். முதல் அத்தியாயத்தில் ஒரு பெரிய தற்செயலைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் நாயகனுக்கு ஒரு இழப்பாகத் திருப்பிக் கட்டுவார். மற்றது துண்டு. பழைய கங்காணி முறையில் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய தாள் அது. அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் போகலாம். கடன் தீர்ந்ததாக அர்த்தமில்லை, அது ஆளோடு சேர்ந்து புதுத் தோட்டத்துக்குப் போகும், போகிற இடத்தில் இன்னும் வளரும். 1921ல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தொடர்கதைகளில் அது ஒழிந்தபாடில்லை. ஓர் எழுத்தாளர் விட்டுப்போன தீராத தற்செயலை அடுத்தவர் பொறுப்பேற்கிறார், அதை அடைக்கத் தாமும் ஒரு புதுத் தற்செயலை வாங்குகிறார். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் ஐம்பது ஆண்டுகளாகக் கை மாறிய நாயகர்களின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால், பெரிய கங்காணி ஒருவரின் பேரேட்டைப் படிப்பதுபோலவே இருக்கும்.

துண்டின் அதிசிறந்த உதாரணம் தமிழில்தான் இருக்கிறது. தினத்தந்தியில் 1960ல் கணுவின் படங்களோடு தொடங்கிய கன்னித்தீவு. மந்திரவாதி மூசா இளவரசி லைலாவைச் சிறு பொம்மையளவுக்குச் சுருக்கிவிட்டான், அவளைப் பழைய உருவுக்குக் கொண்டுவரச் சிந்துபாத் புறப்பட்டான். வாங்கிய கடன் அவ்வளவுதான். அறுபதாண்டு தாண்டியும், படம் வரைந்த கைகள் மாறியும், அசல் தீரவில்லை. இடையில் வந்த அசுரர்களும் தீவுகளும் கடல் மிருகங்களும் வட்டி. இழுத்துக்கொண்டே போகும் எதற்கும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பேச்சோடு கலந்துவிட்டது. 1964 ஒப்பந்தப்படி கப்பலேறி நீலகிரிக்குப் போய், கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கூடை கட்டியவர்கள் அந்தக் கதையை நடுவிலிருந்துதான் படிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் விட்டுப்போன ஹட்டனில் 1970க்குப் பிறகு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியே கட்டுப்படுத்தப்பட்டது, கிடைத்த இதழ்கள் முன்பின்னாகக் கிடைத்தன. முதலும் முடிவும் இல்லாமல் நடுவில் மட்டும் படித்த இந்த வாசகர்கள்தான் கன்னித்தீவின் உண்மையான இலக்கணத்தை அறிந்தவர்கள் என்பது இந்த ஆய்வின் கருத்து. அங்கே தற்செயல் எப்போது வந்தாலும் உறுத்தாது, கணக்குத் தொடங்கிய நாள் யாருக்கும் நினைவில்லை. லைலாவை நாளைக்கே பெரிதாக்கிவிட்டால் கடன் தீரும், நம்பகம் கூடும், மறுநாள் பத்திரிகையில் ஒரு வரிசைக் கட்டங்கள் வெறுமையாகும். எந்தக் கங்காணியும் அந்த வியாபாரத்துக்கு இணங்கமாட்டார்.

இந்தக் கட்டுரையின் அளவுகோலால் மாயாவிக்கும் மன்மதனுக்கும் முழுப் பேரும் டின்டினுக்கு அரைப் பேரும் போட முடிந்தது. சிந்துபாத்துக்கு எதைப் போடுவதென்று தெரியாமல் செக்ரோலில் அந்த வரி காலியாகவே நிற்கிறது. பேர் போடுவது மாலை நிறுவைக்குப் பிறகுதான், அவன் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.